கோடை விடுமுறையும் வீட்டுச் செயல்திட்டங்களும்

முழு ஆண்டுப் பரீட்சை முடிந்து புத்தகப் பை பரண்மேல் ஏறிய மறுநாளே, பிள்ளையை எந்தச் சம்மர் கேம்பில் சேர்ப்பது என்ற யோசனை, கோவிலம்பாக்கம், கீழ்க்கட்டளை, மேடவாக்கம் முதலிய புறநகர்ப் பகுதிகளின் குடும்பங்களில் தொடங்கிவிடுகிறது. வசதியும் விருப்பமும் உள்ளவர்கள் சேர்ப்பதில் குற்றமொன்றுமில்லை. ஆயினும், அதிகப் பொருட்செலவின்றி, மொட்டைமாடியையும் சமையலறையையும் தண்ணீர்த் தொட்டியையும் ஆதாரமாகக் கொண்டே, ஒரு பிள்ளை ஐந்தாறு வாரங்களில் உண்மையான ஆராய்ச்சி ஒன்றைத் தன் கையால் செய்து முடிக்கலாம் என்பதும், அதற்குப் பெற்றோர் விஞ்ஞானம் கற்றவர்களாய் இருக்க வேண்டிய அவசியமில்லை என்பதும் இந்த அத்தியாயத்தின் துணிபு.

'புராஜெக்ட்' என்ற பெயரில் இன்று வழக்கத்திலிருப்பது வேறு. ஸ்டேஷனரி கடையில் சார்ட் பேப்பரும் தெர்மாகோலும் வாங்கி, பக்கத்து ஜெராக்ஸ் கடையில் வண்ணப் படங்களை அச்செடுத்து, இரவு பதினோரு மணிக்குப் பிள்ளை தூங்கிவிட்ட பிறகு தாயார் ஒட்டி முடிக்கும் அந்தக் கைவேலையில், பிள்ளை அறிந்துகொள்வது பசையின் குணத்தைத் தவிர அதிகமில்லை. அமெரிக்கக் கல்வியாளர் வில்லியம் கில்பாட்ரிக் 1918-இல் 'புராஜெக்ட்' முறையை விளக்கிக் கட்டுரை வரைந்தபோது, நோக்கங்கொள்ளுதல், திட்டமிடுதல், செய்தல், மதிப்பிடுதல் என்ற நான்கு படிகளையும் பிள்ளையே ஏறவேண்டும் என்று கருதினார். 1937-இல் வார்தாவில் காந்தியடிகள் முன்வைத்த ஆதாரக் கல்வியும், கைத்தொழிலின் வழியாகவே கணக்கும் சரித்திரமும் சாஸ்திரமும் பிள்ளையிடம் வந்து சேரவேண்டும் என்ற கொள்கையின்மீது எழுந்ததேயாகும். இவ்விரண்டினின்றும் நாம் எடுத்துக்கொள்ள வேண்டிய விதி ஒன்றே: வினா பிள்ளையினுடையதாகவும், விடை வீட்டிலேயே அளந்து அறியத்தக்கதாகவும் இருத்தல் வேண்டும்.

கோடையில் நடந்த இரு ஆராய்ச்சிகள்

வெயில் காலத்தில் என்ன ஆராய்ச்சி செய்ய முடியும் என்று கேட்பவர்களுக்கு, நம் கோவிலம்பாக்கத்தின் சுற்றுவட்டாரமே பதில் சொல்லும். இந்திய தேசம் முழுவதையும் முக்கோணங்களாகப் பகுத்து அளந்த மாபெரும் நில அளவை, 1802-ஆம் ஆண்டு ஏப்ரல் 10-ஆம் நாள், வில்லியம் லாம்ப்டன் என்ற இராணுவ அதிகாரியால் பரங்கிமலைக்கருகே தொடங்கப்பெற்றது. அங்கிருந்து தெற்கே, கோவிலம்பாக்கத்துக்கு அண்மையிலுள்ள பெரும்பாக்கம் குன்று வரையில், ஏறக்குறைய ஏழரை மைல் நீளமுள்ள அடிக்கோட்டை அவர் நூறடிச் சங்கிலியால் அளந்தார். வெப்பத்தில் எஃகு நீளுமாதலால், சங்கிலியை மரப்பெட்டிகளுக்குள் கிடத்தி, வெப்பமானியையும் பார்த்துக் குறித்துக்கொண்டு, கோடை வாரங்களில் அவ்வேலையை நடத்தினார்.

அதற்கு அறுபத்தோராண்டு கழித்து, 1863-ஆம் ஆண்டு மே மாதம் 30-ஆம் நாள், புவியியலாளர் இராபர்ட் புரூஸ் பூட், பல்லாவரத்தில் சரளைக்கல் தோண்டிய ஒரு குழியில் கற்கால மனிதன் செதுக்கிய கருவியொன்றைக் கண்டெடுத்தார். இந்தியாவில் பழைய கற்கால மக்கள் வாழ்ந்தனர் என்ற உண்மை அதனாலேயே முதன்முதலாக நிலைநாட்டப்பெற்றது. அவர் சேகரித்த தொல்பொருள்கள் 1904-இல் சென்னை அருங்காட்சியகத்தின் உடைமையாயின. எழும்பூரில் உள்ள அந்த அருங்காட்சியகத்துக்குச் செல்லும் பிள்ளைகளுக்குத் தொல்பொருள் பகுதியைக் காட்டுதல் நன்று. ஒருவர் அளந்ததைத் திரும்பத் திரும்பச் சரிபார்த்தார். மற்றவர் சாதாரணக் கல்லென்று பலர் தாண்டிச் சென்றதைக் குனிந்து எடுத்தார். பிள்ளைக்கு நாம் பழக்க வேண்டிய குணங்கள் இவையிரண்டுமே.

வினாவும் உபகரணமும் காலமும்

'சுற்றுச்சூழல் பாதுகாப்பு' என்பது வினாவாகாது. அது மேடைப் பேச்சுக்குரிய தலைப்பு. 'நம் வீட்டுக் குழாய் ஒரு நாளில் எவ்வளவு தண்ணீரைச் சொட்டி வீணாக்குகிறது?' என்பது வினா. எண்ணியோ, நிறுத்தோ, அளந்தோ, நாள்தோறும் பார்த்தோ விடை காணக்கூடியதை மட்டும் வைத்துக்கொண்டு, மற்றவற்றை அடுத்த ஆண்டுக்கு ஒதுக்கிவிட வேண்டும். ஒரு கோடைக்கு ஒரு பிள்ளைக்கு ஒரு வினா போதும். இரண்டு பிள்ளைகள் உள்ள வீட்டில் ஒரே வினாவை இருவருக்கும் கொடுத்தால், மூத்தது கட்டளையிட இளையது எடுபிடி செய்வதாய் முடியுமாதலால், இருவேறு வினாக்களையே கொடுத்தல் விவேகம்.

ஆறு முதல் எட்டு வயதுள்ள பிள்ளை எண்ணிப் பார்த்துப் படம் வரைந்தால் போதுமானது. ஒன்பது முதல் பதினொன்று வரையுள்ளது அட்டவணை போட்டு எழுதலாம். அதற்கு மேற்பட்டது சராசரி கண்டு, வரைபடத் தாளில் கோடு இழுத்து, இன்ன காரணத்தால் இன்னவாறு ஆயிற்று என்று ஊகிக்கவும் பழகவேண்டும். உபகரணங்களைப் பொறுத்தவரை, நீளமான நோட்டு ஒன்று, தையல் டேப், சுவர்க் கடிகாரம், லிட்டர் அளவு குறித்த குவளை, சமையலறைத் தராசு, கடையில் சொற்ப விலைக்குக் கிடைக்கும் வெப்பமானி ஆகியவற்றுக்கு மேல் வேறெதுவும் வேண்டுவதில்லை.

முதல் வாரத்தில் வினாவைத் தேர்ந்து இரண்டு மூன்று நாள் வெள்ளோட்டம் பார்க்க வேண்டும். அளக்கும் முறையில் உள்ள கோளாறுகள் அப்போதே தெரிந்துவிடும். அடுத்த மூன்று வாரங்கள் அளவைக்கும், ஐந்தாம் வாரம் எழுதுவதற்கும், ஆறாம் வாரம் வீட்டாருக்கு எடுத்துச் சொல்வதற்கும் உரியவை. இடையில் சொந்த ஊருக்குப் போக நேரிட்டால் அதைத் தடையென்று கருதாமல், பின்வரும் முதல் திட்டத்தில் காட்டியவாறு அனுகூலமாக்கிக்கொள்ளலாம். நாளொன்றுக்கு அரைமணி நேரம் போதும். விளையாட்டைக் கெடுத்து வரும் ஆராய்ச்சி ஒருவாரத்துக்குமேல் நிலைப்பதில்லை.

முதல் திட்டம்: நிழல் அளத்தல்

செலவில்லாததும், எல்லா வயதினர்க்கும் ஏற்றதும், முடிவில் உலகத்தையே அளந்துவிட்ட பெருமிதத்தைத் தரக்கூடியதுமான திட்டம் இது. சரியாக ஒரு மீட்டர் உயரமுள்ள கோல் ஒன்றை, மணல் நிரப்பிய சிறிய பெயிண்ட் டப்பாவில் நட்டு, நூலில் கல்லைக் கட்டித் தொங்கவிட்டுச் செங்குத்தாக நிற்கிறதா என்று பார்த்து, மொட்டைமாடியில் சமதளமான இடத்தில் வைக்க வேண்டும். கோலின் நீளம் டப்பாவுக்குமேல் அல்லாமல் தரையிலிருந்து கணக்கிடப்பட வேண்டும் என்பதையும், நிழலையும் கோலின் அடியிலிருந்தே அளக்க வேண்டும் என்பதையும் முன்கூட்டியே சொல்லிவிடுதல் நலம்.

இந்தியாவின் பொது நேரம் 82½ பாகை தீர்க்கரேகையைக் கொண்டு கணிக்கப்படுகிறது. நாமோ அதற்கு மேற்கே 80 பாகைக்குச் சற்று அதிகமான இடத்தில் இருக்கிறோம். ஆகவே, கோடை மாதங்களில் நமக்குச் சூரியன் உச்சிக்கு வருவது பன்னிரண்டு மணிக்கல்ல; 12 மணி 5 நிமிடத்துக்கும் 12 மணி 8 நிமிடத்துக்கும் இடையிலாகும். ஏப்ரல் 24-ஆம் நாளை ஒட்டி அந்நேரத்தில் கோலுக்கு நிழலே இராது. அதற்குப் பிறகு சூரியன் நமக்கு வடக்கே நகர்ந்துவிடுவதால், ஆண்டின் பெரும்பகுதியில் வடக்கே விழுந்துகொண்டிருந்த நண்பகல் நிழல், ஆகஸ்டு நடுப்பகுதி வரையில் தெற்கே விழும். மே 10-ஆம் நாள் வாக்கில் அது ஏறக்குறைய 8 சென்டிமீட்டரும், மாதக் கடைசியில் ஏறக்குறைய 16 சென்டிமீட்டரும் இருக்கக் காணலாம். ஆனால் இந்த எண்களைப் பிள்ளைக்கு முன்னதாகச் சொல்லிவிடலாகாது. இவை பெற்றோர் தம்முள் வைத்துக்கொள்வதற்காக எழுதப்பட்டவை.

"அம்மா, நிழல் இன்னைக்குத் தெக்கால விழுதும்மா!" என்று பிள்ளை ஓடிவரும்போது, பூமியின் அச்சு இருபத்து மூன்றரைப் பாகை சாய்ந்திருப்பதைப் பற்றி உடனே உபந்நியாசம் தொடங்காமல், "அப்படியா? நாளைக்கும் அங்கேயே விழுதான்னு பாரு கண்ணு" என்று சொல்லத் தெரிந்த தாய், பயிற்சி பெற்ற ஆசிரியைக்குக் குறைந்தவளல்லள். காரணம் கேட்டுப் பிள்ளை தானாக வரும் நாள் ஒன்று உண்டு; அன்று ஒரு எலுமிச்சம்பழத்தையும் விளக்கையும் வைத்துக் காட்டினால் போதும்.

காலை ஒன்பது மணியளவில், இந்நாட்களில், நிழலின் நீளம் பொருளின் உயரத்துக்கு ஏறக்குறையச் சமமாகும். கோலின் நிழல் சரியாக ஒரு மீட்டராகும் கணத்தில், எதிர்வீட்டுத் தென்னையின் நிழலையோ தெருமுனைத் தண்ணீர்த் தொட்டியின் நிழலையோ அளந்தால், ஏறாமலே அதன் உயரம் கிடைத்துவிடும். லாம்ப்டன் கோணங்களைக் கொண்டு தொலைவுகளைக் கணித்த முறைக்கு இது பாலபாடம்.

சொந்த ஊருக்குப் போகும் பிள்ளை கோலையும் உடன் கொண்டுபோகட்டும். அல்லது அங்குள்ள மாமா பிள்ளையோ சித்தப்பா பிள்ளையோ அதே நாளில் அதேபோல் அளந்து போனில் சொல்லட்டும். மே மாத நடுவில் கோவிலம்பாக்கத்தில் நண்பகல் நிழல் ஏறக்குறைய 10 சென்டிமீட்டராய் இருக்க, திருநெல்வேலியில் 18 சென்டிமீட்டரை ஒட்டியிருக்கும். இந்த இரு நிழல்களினின்றும் இரு கோணங்களைக் கண்டு, அவற்றின் வித்தியாசம் நான்கு பாகைக்குச் சற்று மேற்பட்டதென அறிந்து, இரு ஊர்களுக்குமிடையே வடக்குத் தெற்காக உள்ள தூரத்தை வரைபடத்தில் அளந்து, 360 பாகைக்கு எவ்வளவு என்று விகிதங்கட்டினால், பூமியின் சுற்றளவான 40,000 கிலோமீட்டரை ஓரளவு நெருங்கிய விடை வரும். கிறிஸ்துவுக்கு முன் மூன்றாம் நூற்றாண்டில் அலெக்சாந்திரியாவில் எரடோஸ்தனீஸ் செய்ததும் இம்முறையிலேயேயாம். விடை ஐயாயிரம் கிலோமீட்டர் பிசகினாலும் பாதகமில்லை; பிசகு எங்கே நுழைந்தது என்று தேடுவது கணக்கைக் காட்டிலும் பெரிய பாடம்.

இரண்டாம் திட்டம்: தண்ணீர்க் கணக்கு

கோடையில் தண்ணீர் லாரிக்குக் காத்திருப்பதும், மார்கழிக்கு முன்னரே தெருவில் வெள்ளம் புகுவதும், தென்சென்னைப் புறநகர்வாசிகளுக்குப் புதியவையல்ல. 2015-ஆம் ஆண்டு வெள்ளத்தையும் 2019-ஆம் ஆண்டு வறட்சியையும் ஒரே தெருவில் அனுபவித்தவர்கள் நம்மிடையே உள்ளனர். எனவே, இவ்வூர்ப் பிள்ளைக்கு இதைவிடப் பொருத்தமான ஆராய்ச்சிப் பொருள் கிடைப்பதரிது.

முதற்கண், வீட்டிலுள்ள குடம், வாளி, சொம்பு, பிளஷ் தொட்டி ஆகிய ஒவ்வொன்றும் எத்தனை லிட்டர் கொள்ளும் என்று அளந்து எழுதச் செய்க. அடுத்து, ஒரு வாரம் முழுவதும், குளிக்க, துவைக்க, பாத்திரம் தேய்க்க, வாசல் தெளிக்க எத்தனை வாளி ஆகிறதென்று ஒவ்வொரு இடத்திலும் ஒரு சீட்டை ஒட்டிக் கோடு போடும் வழக்கத்தை வீட்டார் எல்லோரும் கைக்கொள்ள வேண்டும். ஒழுகும் குழாயின் கீழ் ஒரு மணிநேரம் குவளையை வைத்தால், வினாடிக்கு ஒரு சொட்டு வீதம் ஒழுகுவது நாளொன்றுக்கு ஏறக்குறைய 4 லிட்டர் என்பது தெரியவரும். ஆர்.ஓ. இயந்திரமுள்ள வீட்டில், அது நமக்குத் தரும் நீரைவிடக் குழாய்வழியே வெளியே தள்ளும் நீர் அதிகமாயிருப்பதைக் கண்டு பிள்ளைகள் வியப்படைவர். அந்நீரை வாளியில் பிடித்துத் தரை துடைக்க உபயோகிக்கலாம் என்ற யோசனையும் பெரும்பாலும் அவர்களிடமிருந்தே வந்துவிடும்.

இனி மழைக் கணக்கு. ஒரு சதுர மீட்டர் பரப்பில் ஒரு மில்லிமீட்டர் மழை பெய்தால் அது ஒரு லிட்டர் நீராகும். இதை மனப்பாடம் செய்வித்தல் தகும். மொட்டைமாடியின் நீள அகலத்தைப் பிள்ளை டேப்பால் அளந்து வரட்டும். ஆயிரம் சதுர அடி மாடியென்று கொண்டால் அது ஏறக்குறைய 93 சதுர மீட்டர். சென்னையில் சராசரியாக ஓராண்டுக்குப் பெய்யும் மழை ஏறக்குறைய 1,400 மில்லிமீட்டர்; அதில் பெரும்பகுதி வடகிழக்குப் பருவக்காற்றால் அக்டோபர் முதல் டிசம்பர் வரையில் கிடைப்பது. இரண்டையும் பெருக்க 1,30,000 லிட்டர் வரும். ஐந்திலொரு பங்கு வீணாகிறதென்று தள்ளினாலும், 12,000 லிட்டர் லாரிகள் எட்டுக்கு மேற்பட்டவை கொள்ளும் தண்ணீர் அந்த ஒரு மாடியின்மேல் இலவசமாக வந்திறங்குகிறது. தமிழ்நாட்டில் 2003-ஆம் ஆண்டில் எல்லாக் கட்டடங்களுக்கும் மழைநீர் சேகரிப்பு கட்டாயமாக்கப்பட்டதல்லவா? தம் வீட்டில் அக்குழாய் எங்கே இறங்குகிறது, அதன் வாய் அடைபட்டிருக்கிறதா, உறைகிணற்றில் கூழாங்கல்லும் மணலும் சரிவர இருக்கின்றனவா என்று பிள்ளை பெரியவர் ஒருவரின் துணையோடு பரிசோதித்துப் படம் வரைந்தால், திட்டத்தின் பயன் நோட்டோடு நிற்காமல் வீட்டுக்கும் கிட்டும்.

மூன்றாம் திட்டம்: சமையலறைச் சாஸ்திரம்

கோடையில் நம் வீடுகளில் இயல்பாக நடக்கும் வேலைகளே சோதனைகளாகத் தக்கவை. கூழ்வடாம் பிழியும் நாளில் ஒரு தட்டிலுள்ள வடாத்தைப் பிழிந்தவுடன் நிறுத்து, பின் மாலைதோறும் நிறுத்து, எடை குறையாமல் நின்றுவிடும் நாளைக் கண்டறியலாம். கத்தரிக்காய் வற்றல், மோர்மிளகாய் இவற்றையும் அவ்வாறே பார்த்து, எதில் நீர் அதிகமென்று ஒப்பிடலாம். மாவடுவில் உப்பிட்ட மறுநாளே ஜாடியின் அடியில் நீர் ஊறி நிற்பதும், வடு சுருங்குவதும் ஏன் என்பது மேல்வகுப்புப் பிள்ளைக்கு உகந்த வினா. மண்பானைத் தண்ணீரையும் எவர்சில்வர்ப் பாத்திரத்துத் தண்ணீரையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து இரண்டு மணிக்கொரு முறை வெப்பமானியால் அளப்பது இன்னொன்று. புழுக்கம் மிகுந்த நாளில் பானை அவ்வளவாகக் குளிர்விப்பதில்லை என்பதைக் கண்டுவிட்டால், கடற்கரையோரத்து ஈரக்காற்றின் இயல்பு தானே விளங்கும்.

நான்காம் திட்டம்: காகமும் குயிலும்

வெளிநாட்டுப் பறவைகள் பெரும்பாலும் வடக்கே திரும்பிவிட்ட காலமாயினும், கோடை நம் வீட்டுப் பறவைகளின் குடும்பக் காலம். வேப்பமரத்திலோ மின்கம்பத்திலோ காகம் கூடு கட்டுவதையும், அதைச் சுற்றிக் குயில் வட்டமிடுவதையும் சன்னலிலிருந்தே காணலாம். கரிய நிறமும் சிவந்த கண்ணுமுடையது ஆண். பழுப்பு நிறத்தில் வெண்புள்ளிகளுடையது பெண். விடியலில் உச்சஸ்தாயிக்கு ஏறிச்செல்லும் அந்தக் கூவல் ஆணினுடையது. கூடு எதனால் கட்டப்பட்டது, எத்தனை முறை இரை வந்தது, காகம் குயிலை எப்பொழுது விரட்டிற்று என்று நாள்தோறும் ஒரே நேரத்தில் பதினைந்து நிமிடம் பார்த்து எழுதினால் போதும். மயிலாப்பூரில் வாழ்ந்த மா. கிருஷ்ணன், 1950 முதல் 1996-இல் மறையும் வரையில் ஒரு பத்திரிகையில் தொடர்ந்து எழுதிவந்த இயற்கைக் குறிப்புகளில், காகம், அணில் முதலிய சாமானியப் பிராணிகளுக்கும் தக்க இடம் கொடுத்தார்.

பள்ளிக்கரணைச் சதுப்புநிலம் 2022-இல் ராம்சார் உடன்படிக்கையின் கீழ்ச் சர்வதேச முக்கியத்துவமுள்ள ஈரநிலமாக அறிவிக்கப்பட்டது. நம் ஊருக்குக் கிழக்கே கூப்பிடு தூரத்திலுள்ள அதை, ஒரு ஞாயிறு விடியலில் சாலையோரத்தில் நின்றே பார்த்துவிட்டு வரலாம். சேற்றிலிறங்குதல் ஒருபோதும் கூடாது. பறவையின் பெயர் தெரியாவிடில், பெ. தூரனைத் தலைமைப் பதிப்பாசிரியராகக் கொண்டு 1968 முதல் பத்துத் தொகுதிகளாக வெளிவந்த 'குழந்தைகள் கலைக்களஞ்சிய'த்தையோ, கோட்டூர்புரம் அண்ணா நூற்றாண்டு நூலகத்துக் குழந்தைகள் பிரிவையோ நாடுக.

ஐந்தாம் திட்டம்: பீரோவில் உள்ள சரித்திரம்

வெயிலில் வெளியே போகவே இயலாத நாட்களுக்கு உரியது இது. வீட்டுப் பழைய பத்திரம், ரேஷன் கார்டு, மின்கட்டண அட்டை, திருமண அழைப்பிதழ் ஆகியவற்றைப் பெற்றோர் முன்னிலையில் எடுத்துப் பரப்பி, விலாசத்தை மட்டும் ஆண்டுவாரியாகப் பிள்ளை எழுதட்டும். பல காலமாக இவ்வூரிலேயே வசிப்பவர் வீட்டில், 1997-க்குச் சற்று முந்திய காகிதத்தில் செங்கை எம்.ஜி.ஆர். மாவட்டம் என்றும், பிறகு காஞ்சிபுரம் மாவட்டம் என்றும், 2019 நவம்பருக்குப் பின் செங்கல்பட்டு மாவட்டம் என்றும் இருக்கும். வீடு நகரவில்லை, மாவட்டம் மூன்றாயிற்று. அதன்பின் தாத்தா பாட்டியிடமோ பக்கத்து வீட்டுப் பெரியவரிடமோ, எங்கே நெல் விளைந்தது, எந்த ஏரி எதுவரை பரந்திருந்தது, இருநூறடிச் சாலை வருமுன் பல்லாவரத்துக்கு எவ்வழியாகப் போனார்கள் என்று கேட்டு, ஊரின் பழைய படமொன்றை வரையலாம். இருவர் இருவிதமாகச் சொன்னால் இரண்டையும் எழுதிவைப்பதே சரித்திர ஆசிரியனின் தர்மம்.

பெற்றோர் கடமையும் மதிப்பீடும்

கத்திரி வெயிலில், பதினோரு மணி முதல் நான்கு மணி வரையில், நிழல் அளக்கும் பத்து நிமிடம் தவிரப் பிள்ளை மாடியில் இருக்கலாகாது. அப்பத்து நிமிடமும் தொப்பியும் செருப்பும் பெரியவர் துணையும் வேண்டும். சூரியனை நேரே பார்க்கக் கூடாதென்பதை முதல்நாளே கண்டிப்பாகச் சொல்லிவிட வேண்டும். தொட்டி, உறைகிணறு இவற்றின் மூடியைத் தானாகத் திறக்க எவ்வயதிலும் அனுமதியில்லை.

அளவையில் தவறு கண்டால் திருத்திக் கொடுக்காமல், "இதே அளவு மறுபடி வருதா?" என்று கேட்டுவிட்டு விலகிக்கொள்க. ஒருநாள் விட்டுப்போனால் அந்தக் கட்டத்தை வெறுமையாக விடச் சொல்லுங்கள்; முந்திய நாளையும் பிந்திய நாளையும் பார்த்து நடுவில் ஓர் எண்ணை இட்டு நிரப்பும் பழக்கம் சிறுவயதில் புகுந்துவிட்டால், பின்னர் அதைப் போக்குதல் கடினம். எழுத்துப் பிழையையும் கோணலான கோட்டையும் இந்த ஒரு நோட்டில் மன்னித்துவிடலாம்.

ஆறாம் வாரத்து ஞாயிறு மாலையில், காபிக்குப் பிறகு, வீட்டாரையும் அண்டை அயலாரையும் உட்காரவைத்து, பத்து நிமிடத்துக்குள் பிள்ளை தன் வினாவையும், அளந்த முறையையும், கண்ட விடையையும், சந்தேகமாகவே நிற்பதையும் சொல்லட்டும். கேட்பவர்கள் கைதட்டுவதோடு நில்லாமல் ஆளுக்கொரு கேள்வி கேட்பது அவசியம். மதிப்பெண் இடவேண்டியதில்லை. அதற்குப் பதிலாக அந்த நோட்டை, பக்கத்து வீட்டில் ஏறக்குறைய அதே வயதுள்ள வேறொரு பிள்ளையிடம் கொடுத்து, அதில் எழுதியுள்ளதை மட்டும் படித்து ஒரேயொரு அளவையைத் திரும்பச் செய்யச் சொல்லுங்கள். யாரிடமும் விளக்கம் கேளாமல் அப்பிள்ளை செய்துவிட்டால், திட்டம் நிறைவேறிற்று. செய்ய முடியாமல் எந்த வரியில் நின்றதோ, அந்த வரியை மட்டும் நோட்டின் ஆசிரியரே திருத்தி எழுதுவார்.